மதுரையிலிருந்து வட்டக்கோட்டைக்கு: பார்க்க வேண்டியது சுவரை

கன்னியாகுமரிக்குப் போகும் மதுரைக்காரர்களில் பலர் வட்டக்கோட்டையில் கால் மணி நேரம் நின்று, கடலைப் படமெடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். அந்தக் கோட்டைக்கு ஒன்றரை மணி நேரமாவது கொடுங்கள்.

சென்னையிலிருந்து வரும் கன்னியாகுமரி விரைவு ரயில் நள்ளிரவுக்குப் பின் மதுரைக்கு வந்து, விடியும்போது குமரியில் இறக்கிவிடும். காரில் நான்குவழிச் சாலையில் சுமார் 245 கிலோமீட்டர், நாலு மணி நேரம் பிடிக்கும். குமரியிலிருந்து கோட்டை ஆறேழு கிலோமீட்டர் வடகிழக்கே இருக்கிறது. ஆட்டோ பிடிப்பதானால் போக, காத்திருக்க, திரும்ப என்று சேர்த்தே வாடகை பேசுங்கள். போக மட்டும் பேசினால் திரும்ப வண்டி கிடைக்காமல் வெயிலில் நிற்க நேரும்.

காலையிலேயே போய்விடுவது நல்லது. மதில்மேல் நிழல் கிடையாது, பத்து மணிக்கெல்லாம் கருங்கல் சுட ஆரம்பித்துவிடும். இது குமரியின் கிழக்குக் கரை என்பதால் காலை வெயில் கடல் பக்கச் சுவரில் நேராக விழும். கல் இணைப்புகளைப் படமெடுக்க அதுதான் நேரம். கடலை எடுப்பதென்றால் சூரியன் முதுகுப்பக்கம் வரும் மாலைதான் சரி, காலையில் எடுத்தால் படம் வெளுத்துப்போகும். உப்புத்துளி லென்ஸில் படியும், மெல்லிய பருத்தித் துணி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்தான் வட்டம், கோட்டை ஏறக்குறைய நீள்சதுரம். பரப்பு சுமார் மூன்றரை ஏக்கர், மதிலின் உயரம் சுமார் 25 அடி. தடிமனைக் கவனியுங்கள்: முகப்பில் 29 அடி, மூலைகளில் 18, பின்புறம் 6 என்று குறைந்துகொண்டே போகும். உள்ளே குளத்தைச் சுற்றி வந்து, மேலேறும் சரிவுப்பாதையில் நடந்து பாருங்கள். படி வைக்காமல் சரிவாகக் கட்டியதற்குக் காரணம் பீரங்கி வண்டி: சக்கரம் படியேறாது. கற்களில் பாண்டியரின் மீன் சின்னத்தையும் தேடிப் பார்க்கலாம்.

மேலே போனதும் கடலுக்கு முதுகு காட்டி வடமேற்கே பாருங்கள். மலைத்தொடரும் காற்றாலைகளும் தெரியும். அந்தப் பக்கம்தான் ஆரல்வாய்மொழிக் கணவாய். திருநெல்வேலிச் சீமையிலிருந்து திருவிதாங்கூருக்குள் படை நுழையும் வழி அது. அதை அடைக்கக் கட்டிய அரண்வரிசையின் கடல்முனையே வட்டக்கோட்டை. 1741-ல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுக் கம்பெனி அதிகாரி டி லனாய், பிறகு அவருக்கே தளபதியாகி இதைப் பலப்படுத்தினார். 1809-ல் திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பியின் கிளர்ச்சியின்போது ஆங்கிலேயர் உடைத்து நுழைந்ததும் இந்த வரிசையைத்தான். மலையையும் கடலையும் ஒரே இடத்தில் நின்று பார்த்தால்தான் கோட்டையை ஏன் இங்கே வைத்தார்கள் என்பது பிடிபடும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய்க் காற்று பலமாக வீசும். தொப்பி பறக்கும், சிறுவர்களை விளிம்பருகே விடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை நாட்களில் கல் வழுக்கும், ரப்பர் செருப்பு வேண்டாம். பக்கத்துக் கருமணல் கடற்கரையில் நடக்கலாம், குளிக்க இறங்காதீர்கள்: பாறையும் அலையும் மோதும் இடம் அது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்பதால் ட்ரோன் பறக்கவிட முன் அனுமதி தேவை.

நேரமிருந்தால் நாகர்கோவில் தாண்டி, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குப் போங்கள். டி லனாயின் கல்லறை அங்கே இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனையும் அருகில்தான், திங்கட்கிழமை விடுமுறை.