டூட்டிக்குப் பிறகு உடம்பு எத்தனை நாளில் மீள்கிறது? ஹவுஸ் சர்ஜன்களுக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் வழிகாட்டி

"அக்கா, வாட்ச்ல ஸ்ட்ரெஸ் 82 காட்டுது, பயப்படணுமா?" இன்டர்ன்ஷிப் ஆரம்பித்த ஜூனியர்களிடமிருந்து மாதம் ஒரு தடவையாவது இந்த வாட்ஸ்அப் வந்துவிடும். பிளட் பேங்குக்கு மூன்று மாடி ஓடிவிட்டு வந்து உட்கார்ந்தவுடன் பார்த்தால் 82 காட்டாமல் வேறு என்ன காட்டும்? அந்த எண்ணை விட்டுத்தள்ளுங்கள். டூட்டியில் எவ்வளவு ஏறியது என்பதைவிட, டூட்டி முடிந்தபின் உடம்பு பழைய நிலைக்கு வர எத்தனை நாள் எடுத்தது என்பதுதான் பயனுள்ள கேள்வி. அதைக் கண்டுபிடிக்க ஒரு வாட்ச், ஒரு கூகுள் ஷீட், ஆறு வாரப் பொறுமை இருந்தால் போதும்.

இதெல்லாம் தேவையா என்பவர்களுக்கு: தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் தந்த அறிக்கையில், ஆய்வில் பங்கேற்ற எம்.பி.பி.எஸ். மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். உங்கள் ஹாஸ்டல் விங்கில் எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: எந்த வாட்ச்?

விலையைப் பார்க்க வேண்டாம். தூங்கிய, எழுந்த நேரம், தூக்கத்தில் ரெஸ்டிங் ஹார்ட் ரேட் (ஓய்வில் இருக்கும்போதான நாடித்துடிப்பு), எச்.ஆர்.வி. (ஹார்ட் ரேட் வேரியபிலிட்டி) ஆகிய மூன்றும் ஆப்பில் எண்ணாகக் கிடைக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சில மலிவு பேண்டுகள் சிரித்த முகம், அழுத முகம் மட்டும் காட்டும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

எச்.ஆர்.வி. பிசியாலஜியில் படித்ததுதான். நாடித்துடிப்பு 60 என்றால் ஒவ்வொரு துடிப்பும் சரியாக 1000 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை வருவதில்லை. 960, 1030, 985 என்று முன்பின்னாக வரும். இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பு நன்றாக வேலை செய்யும்போது இந்த ஏற்ற இறக்கம் அதிகம். உடம்பு நெருக்கடியில் இருந்தால் இடைவெளிகள் ஒரே சீராகிவிடும், எண் குறையும். வாட்ச்சின் பச்சை விளக்கு மணிக்கட்டு ரத்த ஓட்டத்தை வைத்து இதைக் கணக்கிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. ஆப்பிள் வாட்ச் தருவது எஸ்.டி.என்.என்.; ஃபிட்பிட், ஓரா ரிங் தருவது ஆர்.எம்.எஸ்.எஸ்.டி. இரண்டும் எச்.ஆர்.வி.யைக் கணக்கிடும் வேறு வேறு முறைகள். ரூம்மேட்டுக்கு 70, எனக்கு 38 என்று கவலைப்படுவது, அவள் ஹைட்டையும் என் வெயிட்டையும் ஒப்பிடுவது மாதிரி. ஒரே கம்பெனி வாட்ச் என்றாலும் ஆளுக்கு ஆள் மாறும் எண் இது.

படி 2: எப்போது கட்டுவது?

மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே, நகராத அளவு இறுக்கமாக, தினமும் ஒரே கையில். லேபர் வார்டிலும் தியேட்டரிலும் கழற்றத்தான் வேண்டும்; அதில் சமரசம் வேண்டாம். பகல் டேட்டாவில் ஓட்டை விழுந்தால் விழட்டும். நமக்குத் தேவை தூக்க நேரத்து எண்கள்தான், ஏனென்றால் அப்போதுதான் ஓட்டமும் காபியும் சீஃபின் திட்டும் குறுக்கே வராது. சார்ஜ் போடுவதைக் குளிக்கும் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நைட் டூட்டி முடித்துப் பகலில் தூங்கினால் பல வாட்ச்கள் அதைச் சரியாகப் பிடிப்பதில்லை. அந்த நேரத்தை ஆப்பில் கையால் சேர்த்துவிடுங்கள்.

படி 3: முதல் இரண்டு வாரம் சும்மா இருங்கள்

எண்களை எழுதிவையுங்கள், அர்த்தம் தேடாதீர்கள். கொஞ்சம் லேசான போஸ்டிங்கில் ஆரம்பிப்பது நல்லது. கம்யூனிட்டி மெடிசின் இதற்கென்றே அமைந்தது. 14 நாள் முடிந்ததும் ரெஸ்டிங் ஹார்ட் ரேட், எச்.ஆர்.வி. இரண்டுக்கும் சராசரியும், எண்கள் அதிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகுகின்றன என்று சொல்லும் திட்ட விலக்கமும் எடுங்கள். சராசரிக்கு மேலும் கீழும் ஒரு திட்ட விலக்கம் வரை உங்கள் வழக்கமான எல்லை.

படி 4: ஷீட்

இதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். வாட்ச் எண்ணை மட்டும் வைத்திருந்தால், மூன்று வாரம் கழித்து அந்தப் புதன்கிழமை ஏன் இறங்கியது என்று யாருக்கும் நினைவிருக்காது. தேதி, போஸ்டிங், டூட்டி வகை, படுத்த நேரம், எழுந்த நேரம், ரெஸ்டிங் ஹார்ட் ரேட், எச்.ஆர்.வி., மனநிலை பத்துக்கு எத்தனை, கடைசியாகக் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். காய்ச்சல், மாதவிடாய்க்கு முந்தைய வாரம், ராத்திரி பதினொரு மணி பரோட்டா, மது, வைவாவுக்குக் கை நடுங்கக்கூடாது என்று போட்ட ப்ரொப்ரனலால் மாத்திரை எல்லாம் அதில் வரட்டும். ஒவ்வொன்றும் எண்ணை அசைக்கும். எனக்கு ஒருமுறை ரெஸ்டிங் ஹார்ட் ரேட் திடீரென்று 9 ஏறியது. பர்ன்அவுட் (வேலையால் வரும் கடும் சோர்வு) வந்துவிட்டது என்று தோழியிடம் ஒரு மணி நேரம் புலம்பினேன். மறுநாள் 102 டிகிரி காய்ச்சல்.

படுக்கும் நேரத்தைத் தனியாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் நடத்தும் இன்டர்ன் ஹெல்த் ஸ்டடி, பயிற்சி மருத்துவர்களுக்கு ஃபிட்பிட் கட்டிவிட்டு, தினசரி மனநிலையையும் போனில் கேட்டு வாங்குகிறது. 2021இல் வெளியான அதன் கட்டுரை ஒன்றில், குறைவான தூக்கம் மட்டுமல்ல, தூங்கி எழும் நேரம் நாளுக்கு நாள் தாறுமாறாக மாறுவதும் மனநிலைச் சரிவோடு சேர்ந்தே வருவது தெரிந்தது.

படி 5: மீளும் நாட்களை எண்ணுங்கள்

டூட்டி முடிந்து வரும் முதல் முழு இரவு, நாள் 1. அங்கிருந்து இரண்டு எண்களும் உங்கள் எல்லைக்குள் திரும்பும்வரை எண்ணுங்கள். என் சராசரி ரெஸ்டிங் ஹார்ட் ரேட் 63, எச்.ஆர்.வி. 48. மெடிசினில் 24 மணி நேர டூட்டிக்குப் பிறகு நாள் 1இல் 69, 34; நாள் 2இல் 65, 43; நாள் 3இல் 63, 47. மூன்று நாள். டூட்டி கடுமைதான், ஆனால் உடம்பு சமாளிக்கிறது.

ஓ.ஜி.யில் (மகப்பேறு, பெண்கள் நலப் பிரிவு) நான்கு நாளுக்கு ஒரு டூட்டி. அடுத்த டூட்டிக்குக் கிளம்பும் காலையிலும் ரெஸ்டிங் ஹார்ட் ரேட் 68லேயே நின்றது. பழைய கடன் அடையாமலே புதுக் கடன். அடுத்தடுத்து மூன்று டூட்டிக்கு இப்படியே போனால், அல்லது முன்பு இரண்டு நாளில் மீண்டவர் இப்போது ஐந்து நாள் எடுத்தால், அதுதான் கவனிக்க வேண்டிய இடம். நான் அப்போது கோ-இன்டர்னிடம் ஒரு டூட்டியை மாற்றிக்கொண்டு, ஆஃப் நாளில் ஊருக்கு பஸ் ஏறாமல் ஹாஸ்டலிலேயே தூங்கினேன். அம்மாவுக்குக் கோபம், எண் இறங்கியது.

படி 6: வாட்ச்சுக்குத் தெரியாததை நீங்களே கேளுங்கள்

பர்ன்அவுட்டை எந்த வாட்ச்சும் அளக்காது. உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐ.சி.டி.-11இல் அதை நோயாக அல்ல, வேலை சார்ந்த நிலையாகத்தான் வைத்திருக்கிறது: சோர்வு, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது, நம்மால் ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணம். முதலாவதன் சாயல் வேண்டுமானால் நாடியில் தெரியலாம். மற்ற இரண்டும் தெரியாது. என் பேட்ச்சில் ஒருத்தியின் எண்கள் எப்போதும் எல்லைக்குள், பச்சைதான். ஆனால் நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவள், "14ஆம் பெட்", "அந்த லிவர்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தாள். அது எந்த சென்சாரிலும் விழவில்லை.

அதனால் மாதம் ஒருமுறை கோபன்ஹேகன் பர்ன்அவுட் இன்வென்டரி என்ற கேள்வித்தாளைப் போடுங்கள். இலவசம், 19 கேள்வி, ஐந்து நிமிடம். தனிப்பட்ட சோர்வு, வேலைச் சோர்வு, நோயாளிகளோடு பழகுவதில் வரும் சோர்வு என மூன்று பகுதி. 'எப்போதும்' என்றால் 100, 'அடிக்கடி' 75, 'சிலசமயம்' 50, 'அரிதாக' 25, 'ஏறக்குறைய ஒருபோதும் இல்லை' என்ற கடைசிக்கு 0. ஓய்வு நேரத்தில் குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் தெம்பு மிச்சமிருக்கிறதா என்ற ஒரு கேள்விக்கு மட்டும் தலைகீழாகப் போட வேண்டும். எல்லாரும் மறப்பது அதைத்தான். பகுதிவாரியாகச் சராசரி எடுங்கள். 50ஐத் தொட்டாலோ தாண்டினாலோ பொதுவாகப் பர்ன்அவுட் என்று கொள்கிறார்கள்.

எண் பச்சை, இன்வென்டரி 60 என்றால் இன்வென்டரியை நம்புங்கள்.

ஷீட்டை யாரிடம் காட்டுவது?

டிபார்ட்மென்ட் குரூப்பில் ஸ்க்ரீன்ஷாட் போடாதீர்கள். கல்லூரியில் யாராவது ஆய்வுக்காக வாட்ச் கட்டச் சொன்னால், எத்திக்ஸ் கமிட்டி அனுமதி எண்ணையும், பாதியில் விலகினால் இன்டர்னல்ஸையோ கம்ப்ளீஷனையோ பாதிக்காது என்று எழுதிய ஒப்புதல் படிவத்தையும் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. எண்ணைப் பார்ப்பதே பதற்றம் தருகிறது என்றால் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஷீட்டைத் திறங்கள்.

சைக்கியாட்ரி ஓ.பி.க்குப் போவதென்றால் ஷீட்டின் கடைசி ஆறு வாரத்தை மட்டும் பிரின்ட் எடுத்துப் போங்கள்; தூக்கம், டூட்டி, மனநிலை மூன்றும் ஒரே பக்கத்தில் இருந்தால் டாக்டருக்கு வேலை மிச்சம். சொந்தக் கல்லூரி ஓ.பி. கூச்சமாக இருந்தால் வேறு இடம் போகலாம், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு அழைக்கலாம்; 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் இந்த ஆறு வாரக் கணக்கெல்லாம் வேண்டாம். ஷீட்டை மூடிவிட்டு அன்றைக்கே அழையுங்கள்.