கரீபியன் தீவுகளில் ஹரிகேன் தாங்கும் சோலார் நிலையம்: எங்கே கவனம் வைப்பது?

2017 செப்டம்பரில் மரியா ஹரிகேன் போர்ட்டோ ரிகோவின் மின்கட்டமைப்பை முறித்துப் போட்டது. கடைசி வீடுகளுக்கு மின்சாரம் திரும்பக் கிட்டத்தட்ட 11 மாதம் ஆனது. மருத்துவமனைக்கும் குடிநீர் பம்புக்கும் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. அவற்றுக்குத் தனி சோலார் நிலையம் வேண்டும். அந்த ஆண்டு கரீபியனில் சில நிலையங்கள் சிதறிப்போயின, சில அப்படியே நின்றன. சிதறியவற்றில் கோளாறு பெரும்பாலும் பேனலைச் சட்டத்தோடு பிடித்திருந்த கிளாம்ப்பிலும் (பிடிப்பான்) போல்ட்டிலும்தான் தொடங்கியது.

முதலில் கணக்கு. காற்றின் வேகத்தை (மீ/விநாடி) வர்க்கமாக்கி 0.613ஆல் பெருக்கினால் அழுத்தம் பாஸ்கலில் வரும். மிகக் கடுமையான ஐந்தாம் வகை ஹரிகேன் மணிக்கு 252 கி.மீ.யில், அதாவது விநாடிக்கு 70 மீட்டரில் தொடங்குகிறது: சுமார் 3,000 பாஸ்கல். 2 சதுர மீட்டர் பேனல் ஒன்றின் மேல் ஏறத்தாழ 600 கிலோ எடைக்குச் சமமான விசை. சாய்வையும் இடத்தையும் பொறுத்து இது மாறும். ஓர வரிசையிலும் மூலைகளிலும் கூடும். எனவே இறுதி எண்ணைக் கட்டமைப்புப் பொறியாளரே தர வேண்டும்.

பேனல் வாங்கும்போது பலரும் 5,400 பாஸ்கல் என்ற எண்ணைப் பார்த்து நிம்மதியடைகிறார்கள். அது முன்பக்கச் சுமை. பின்னாலிருந்து காற்று தூக்கும்போது கணக்கில் வருவது பின்பக்க எண். பல பேனல்களில் அது 2,400தான். அதுவும் சோதனைச் சுமை, பாதுகாப்புக் காரணியான 1.5ஆல் வகுத்தால் வடிவமைப்புக்கு மிஞ்சுவது 1,600. பின்பக்கத் தாங்குதிறன் அதிகமுள்ள பேனலைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது கிளாம்ப். நடுக் கிளாம்ப் ஒன்று இரண்டு பேனல்களின் விளிம்பைச் சேர்த்துப் பிடிக்கிறது. ஒரு பேனல் வளைந்து நழுவியதும் கிளாம்ப் திரும்பிவிடும், பக்கத்துப் பேனலும் கழன்றுவிடும். இப்படியே முழு வரிசையும் போகும். பேனல் சட்டத்தில் தயாரிப்பாளர் விட்டிருக்கும் துளைகள் வழியாக ஒவ்வொரு பேனலையும் தனித்தனியாகப் போல்ட் போட்டு முடுக்குவதே சரி. எந்தத் துளைக்கு எவ்வளவு சுமை என்பது கையேட்டில் இருக்கும்.

காற்று மணிக்கணக்கில் அதிர வைக்கும்போது சாதாரண நட்டு தானாகவே சுழன்று தளரும். நைலான் வளையம் உள்ள நட்டு அல்லது ஆப்பு வடிவப் பூட்டு வாஷர் போடுங்கள். தானே துளையிட்டு ஏறும் திருகுகளை நம்ப வேண்டாம். கடலோர உப்புக்காற்றுக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நல்லது. ஆனால் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் நட்டும் ஒன்றோடொன்று இறுகிச் சிக்கிக்கொள்ளும் என்பதால், அதைத் தடுக்கும் பசை தடவி, அதற்கேற்ற முறுக்கு அளவில் டார்க் ரெஞ்ச் கொண்டு முடுக்க வேண்டும். முடுக்கியதும் நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு. கோடு விலகியிருந்தால் தளர்ந்திருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும். ஜூன் 1இல் ஹரிகேன் பருவம் தொடங்குமுன் ஒருமுறை முழுச் சோதனை.

தாங்கிச் சட்டத்துக்கு, முறுக்கத்தைத் தாங்கும் மூடிய குழாய், திறந்த சி-வடிவத் தகட்டைவிட மேல். குறுக்குத் தாங்கிகள் இரு திசையிலும் வேண்டும். தூண் நடும் முன் அதே மண்ணில் சில சோதனைத் தூண்கள் இறக்கி, ஜாக்கியால் மேலே இழுத்துப் பாருங்கள். இந்த அட்சரேகைகளில் 10 முதல் 15 டிகிரி சாய்வு போதும், காற்றும் குறைவாகப் பிடிக்கும். சூரியனைப் பின்தொடர்ந்து திரும்பும் அமைப்பைத் தவிர்த்துவிடலாம்.

பேனல் எல்லாம் பிழைத்தும் விளக்கு எரியாமல் போவதுண்டு. மின்கட்டமைப்போடு இணைந்த சாதாரண இன்வெர்ட்டர், வெளி மின்சாரம் நின்றதும் பாதுகாப்புக்காகத் தானும் நின்றுவிடும். பாட்டரியும், தனித்து மின்னழுத்தம் உருவாக்கும் இன்வெர்ட்டரும், வெளிக்கம்பியைத் துண்டிக்கும் மாற்றுச் சுவிட்சும் சேர்ந்தால்தான் பம்பு ஓடும். நேரடியாக இயக்கினால் மோட்டார் தொடங்கும்போது வழக்கமான மின்னோட்டத்தைப் போல 5 முதல் 7 மடங்கு இழுக்கும். மோட்டாரை மெல்லத் தொடங்க வைக்கும் மென்தொடக்கி இல்லாவிட்டால் இன்வெர்ட்டர் நின்றுவிடும். இவற்றையெல்லாம் கடல் ஏறக்கூடிய மட்டத்துக்கு மேல் வையுங்கள். 2019இல் டோரியன் ஹரிகேன், பகாமாஸின் கிராண்ட் பகாமா தீவின் குடிநீர்க் கிணறுகள் வரை கடல்நீரைக் கொண்டுவந்து நிலத்தடி நீரை உப்பாக்கியது.

புயலுக்குப் பின் உடைந்த பேனலும் வெயிலில் மின்சாரம் தரும். மின்காப்புக் கையுறையோடுதான் தொட வேண்டும். உப்பை நன்னீரால் கழுவி, கம்பிகளின் மின்காப்பை மெக்கரால் (மின்காப்பு அளக்கும் கருவி) அளந்த பிறகே சுவிட்ச் போடுங்கள். அதே மாதிரிப் பேனல்கள் சிலவற்றையும் ஒரு பெட்டி போல்ட்டுகளையும் தீவிலேயே இருப்பு வையுங்கள். துறைமுகம் திறக்கும்வரை வேறு வழி இருக்காது.