யு-995 மாடல் செய்யலாம் வாங்க: முதலில் வருடம், பிறகுதான் பசை

ஜெர்மன் ஏழாம் வகை 'சி' ரக நீர்மூழ்கி கிட் (ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாடல் பெட்டி) வாங்கியாச்சா? வெட்டுவது, ஒட்டுவது பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. அது செய்யச் செய்யப் பழகிவிடும். முதன்முறை என்றால் 1:144 அளவே போதும், சுமார் 47 செ.மீ. வரும். 1:72 கிட்டத்தட்ட ஒரு மீட்டர். வைக்க இடம் வேண்டுமே!

1. எந்தப் படகு, எந்த வருடம் என்று முடிவு செய்யுங்கள். என் தேர்வு யு-995. ஹாம்பர்க்கில் புளோம் உண்ட் ஃபாஸ் தளத்தில் கட்டப்பட்டு 1943 செப்டம்பரில் பணியில் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நார்வே கடற்படையில் ஓடியது. 1972 முதல் கீல் அருகே லாபோ கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. எல்லாக் கோணத்திலும் படங்கள் கிடைக்கும்.

2. மேல்தளத்தில் 88 மி.மீ. பீரங்கியை ஒட்டாதீர்கள். 1943 மே மாதத்தில் மட்டும் ஜெர்மனியின் 40 நீர்மூழ்கிப் படகுகளுக்கு மேல் பறிபோயின. பலவற்றை விமானங்களே மூழ்கடித்தன. அதன்பின் பீரங்கிகள் இறங்கின, கோபுரத்தின் பின்னால் விமான எதிர்ப்புத் துப்பாக்கி மேடைகள் பெருகின. 1941-ஆம் வருடப் படகு செய்தால் பீரங்கி வைக்கலாம்.

3. பக்கவாட்டுத் துளைகள். எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது, எனக்கும் நிறைய நேரம் பிடித்தது. ஆட்கள் இருப்பது உள்ளே உள்ள, அழுத்தம் தாங்கும் உருளைக்குள். அதை மூடிய வெளிக்கூடு வெறும் மெல்லிய தகடு. படகு அரை நிமிடத்துக்குள் முங்க வேண்டுமானால் இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்குள் தண்ணீர் சட்டென்று புக வேண்டும். அதற்குத்தான் இத்தனை துளைகள். கட்டிய தளத்தைப் பொறுத்து அவற்றின் வரிசை மாறும், படத்தோடு ஒப்பிடுங்கள். கிட்டில் வெறும் பள்ளமாக இருந்தால் ஒவ்வொன்றாகத் துளைக்க வேண்டாம். பாதி உடலைக் கவிழ்த்து, உட்புறத்தை உப்புத்தாளால் தேயுங்கள். பிளாஸ்டிக் மெலிந்ததும் துளைகள் தானே திறந்துகொள்ளும். மிச்சத்துக்கு மட்டும் கைத் துளைப்பான். மின்சார டிரில் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக் உருகிவிடும்.

4. பெயின்ட்: மேலே வெளிர் சாம்பல், நீர்மட்டத்துக்குக் கீழே கரும்சாம்பல். மரத் தளத்துக்குப் பழுப்பு அடிக்காதீர்கள், கிட்டத்தட்ட கறுப்பாகவே இருக்கட்டும்.

பின்சேர்க்கை: ப்ரைமர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்ததும் துளைகள் அடைத்துக்கொள்கின்றன என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஒரே தடவையில் கனமாக அடிக்காமல் இரண்டு மெல்லிய பூச்சாக அடியுங்கள். ஈரம் காய்வதற்குள் குண்டூசியால் ஒவ்வொன்றாகக் குத்திவிட்டால் போதும்.