பரோக் குழல் சொனாட்டா ஒலிப்பதிவு: கன்டினுவோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரோக் காலத்துக் (ஏறத்தாழ 1600–1750) குழல் சொனாட்டாவின், அதாவது குழலுக்கும் பக்கவாத்தியத்துக்குமான பல பகுதிகள் கொண்ட இசைப்படைப்பின், பழைய பிரதியைப் புரட்டிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டே வரிகள்தாம் இருக்கும். மேல்வரி குழலுக்கு, கீழ்வரி அடிக்குரலுக்கு. அடிக்குரலை ஒட்டி 6, 7 என்று சில எண்கள் தெரியும்; அடிச்சுரத்திலிருந்து எண்ணி எத்தனையாவது சுரத்தைச் சேர்க்க வேண்டும் என்பதன் குறிப்பு அது. அந்த எண்களைப் பார்த்தபடியே வலது கையால் என்ன வாசிப்பது என்பதை ஹார்ப்சிகார்ட் (தந்திகளை இறகுமுனையால் கிள்ளி ஒலிக்கும் விசைப்பலகை வாத்தியம்) கலைஞர் அந்த நேரத்தில் தீர்மானிக்க வேண்டும். இந்தப் பக்கவாத்திய முறைக்குத்தான் கன்டினுவோ என்று பெயர். யோஹான் செபாஸ்டியன் பாக் இப்படிப் பக்கம் வாசித்ததைப் பற்றி அவருடைய மாணவர் லோரன்ஸ் மிட்ஸ்லர் 1738-ல் எழுதும்போது, வலது கையில் வரும் மெட்டு முன்கூட்டியே இயற்றப்பட்டதோ என்று எண்ணத் தோன்றும் என்கிறார். ஆகவே கற்பனை மிகுந்த கன்டினுவோவுக்கு நல்ல முன்னோடி உண்டு. சிக்கல் அதைப் பதிவு செய்யும்போது தொடங்குகிறது.

முதல் தவறு, பதிவு நாளுக்கு வெகு முன்பே நேர்கிறது. இக்காலப் பதிப்புகள் பலவற்றில் அச்சாகியிருக்கும் வலது கைப் பகுதி பதிப்பாசிரியர் எழுதிச் சேர்த்தது. அதை இயற்றியவரின் எழுத்தாகவே கொண்டு எழுத்துப் பிசகாமல் வாசித்துவிடுகிறார்கள். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. பாக்கின் பி மைனர் சொனாட்டாவில் ஹார்ப்சிகார்ட்டின் வலது கையைப் பெரும்பாலும் அவரே முழுமையாக எழுதியிருக்கிறார்; அங்கே அது குழலுக்குச் சமமான குரல். அடிக்குரலும் எண்களும் மட்டுமே உள்ள அவருடைய இ மைனர் சொனாட்டாவில் எடுத்துக்கொள்ளும் சுதந்திரத்தை அங்கேயும் எடுத்துக்கொண்டால், அவர் நெய்த இழைகளின் மேல் நாம் வேறு இழையை ஓட்டிச் சிக்கலாக்கிவிடுவோம்.

அடுத்தது, இடைவெளி கண்ட இடமெல்லாம் நிரப்பும் பழக்கம். ஒற்றைச் சாவி கொண்ட பரோக் மரக்குழலில் எல்லாச் சுரங்களும் ஒரே வலிமையில் ஒலிப்பதில்லை. எஃப், ஜி ஷார்ப், பி ஃபிளாட் போன்றவை குறுக்கு விரலமைப்பில் (திறந்த துளைக்குக் கீழே உள்ள துளைகளை மூடி வாசிப்பதில்) பிறப்பதால் மங்கலாக, திரையிட்டதுபோல் ஒலிக்கும். அந்த மங்கலில்தான் இந்தக் குழலின் அழகில் பாதி இருக்கிறது. அவ்விடத்தில் ஹார்ப்சிகார்ட் நான்கு குரல்களை விசிறிபோல் விரித்தால் குழல் மறைந்துபோகும். பிறகு ஒலிக்கலவையில் குழலை மட்டும் தூக்கிவிட்டால் அதன் மூச்சிரைச்சலும் சேர்ந்தே எழும். குழல் கலைஞர் குவான்ட்ஸ் 1752-ல் வெளியிட்ட குழல் நூலில், ஒன்றோடொன்று உரசி ஒலிக்கும் முரண்சுரங்களை அவற்றின் கூர்மைக்கேற்ப வகைப்படுத்தி, எதை எவ்வளவு வலுவாக வாசிப்பது என்றும் காட்டியிருக்கிறார். ஹார்ப்சிகார்ட்டில் விரலை அழுத்தி ஒலியைப் பெருக்க இயலாது. சுரங்களின் எண்ணிக்கையையும் அவற்றை விரிக்கும் வேகத்தையும் மாற்றித்தான் அந்த ஏற்ற இறக்கத்தைக் காட்ட முடியும். ஐந்து சுரங்களில் ஒலித்த முரண் இரண்டே சுரங்களில் தணிவதைக் கேட்கும்போது கிடைக்கும் நிறைவு, எந்த ஓட்ட வரிசையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

இ மைனர் சொனாட்டாவின் ஆண்டான்டே (மித நடை) பகுதியைப் பாருங்கள். அடிக்குரல் தனியாகத் தொடங்கிச் சில பார்கள் (தாள அளவுகள்) நடந்த பிறகே குழல் நுழைகிறது. அந்தப் பார்களில் வலது கைக்கு நிறைய இடமிருப்பதால், குழல் பின்னால் பாடப்போகும் மெட்டை ஹார்ப்சிகார்ட் முன்னதாகவே பாடிவிடுவதுண்டு. குழல் வரும்போது அது பழகிப்போன செய்தியாகிவிடும். கச்சேரியில் ஒரு முறை கேட்டு மகிழும் இத்தகைய சாமர்த்தியம், ஒலிப்பதிவை இருபதாவது முறை கேட்பவருக்கு உறுத்தலாகவே இருக்கும். இசையமைப்பாளர் டெலிமான் 1728-லும் 1732-லும் வெளியிட்ட முறைசார் சொனாட்டாக்களில் குழலின் அலங்காரங்களை அவரே எழுதிக் காட்டியிருக்கிறார்; அவை ஓடும்போது பக்கத்தில் இன்னொருவரும் அலங்கரித்தால் கேட்பவர் யாரைப் பின்தொடர்வார்?

எடிட்டிங்கில் வெளிப்படும் தவறுதான் மிகுந்த நேரத்தைத் தின்னும். ஒரு பகுதியை நான்கு டேக், அதாவது நான்கு முறை பதிவு, எடுத்தால் வலது கை நான்கு விதமாக இருக்கும். மூன்றாம் டேக்கில் குழல் அருமையாக அமைந்த இரண்டு பார்களை முதல் டேக்கில் ஒட்டினால், மேலேறிக்கொண்டிருந்த ஒரு குரல் திடீரென்று கீழே நிற்கும். ஏழாம் சுரமாக ஏங்கி நின்ற ஒன்று, இறங்கி அமைதியடையாமலே காணாமல்போகும். காரணம் தெரியாத காதும் அங்கே ஏதோ அறுந்ததை உணர்ந்துவிடும். இதற்குப் பயந்து எல்லாவற்றையும் எழுதிவைத்து வாசித்தால் இசை சப்பென்று ஆகிவிடும். நான் சரியென்று கருதும் வழி, எலும்புக்கூட்டை மட்டும் முன்னதாக முடிவுசெய்வது: எந்தப் பார்களில் அடிக்குரல் தனியே போகும், மறுமுறை வாசிக்கும்போது எது மாறும், ஒவ்வொரு முத்தாய்ப்பிலும் கடைசி ஒத்திசையின் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டின்) உச்சிச் சுரம் எது என்பவை எல்லா டேக்குகளிலும் ஒன்றாக இருந்தால், அந்த முத்தாய்ப்புகளில் தையல் தெரியாமல் ஒட்டலாம். நடுவில் எவ்வளவு வேண்டுமானாலும் கற்பனை ஓடட்டும்.

சுருதியை ஒரு முறை சேர்த்தால் போதும் என்று நினைப்பதும் ஏமாற்றும். காற்று சூடானால் குழலின் சுருதி ஏறும். கணக்குப்படி ஒரு டிகிரி செல்சியசுக்கு ஏறத்தாழ 3 சென்ட், அதாவது அரைச்சுரத்தில் நூற்றில் மூன்று பங்கு. அதே சூட்டில் ஹார்ப்சிகார்ட்டின் உலோகத் தந்திகள் தளர்ந்து சுருதி இறங்கும். எதிரெதிர்த் திசையில் போகும் இவ்விரண்டையும் காலை டேக்கிலிருந்து மாலை டேக்குக்குத் தாவி ஒட்ட முடியாது. விளக்குகளைப் போட்டு, அனைவரும் அறையில் அமர்ந்து, வெப்பம் நிலைத்த பிறகே சுருதி சேர்க்க வேண்டும். ஒவ்வொரு இடைவேளையிலும் சரிபார்க்க வேண்டும். சமப்பகுப்பு முறையில் (எல்லா அரைச்சுரங்களும் சம இடைவெளியில் அமையும்படி) சுருதி கூட்டிய ஹார்ப்சிகார்ட்டையும் தவிர்ப்பது நல்லது. அதன் மேஜர் மூன்றாம் சுரம் தூய சுரத்தைவிட ஏறத்தாழ 14 சென்ட் உயர்ந்திருப்பதால், குழல் ஒவ்வொரு நீண்ட சுரத்திலும் அதோடு மல்லுக்கட்டும்.

ஒரே தொகுப்பில் கன்டினுவோ வாத்தியத்தை ஹார்ப்சிகார்ட், ஆர்கன், தியோர்போ (நீண்ட கழுத்துள்ள தந்தி வாத்தியம்), கிட்டார் என்று பகுதிக்கொன்றாக மாற்றுவது எனக்கு உவப்பானதன்று. ஹாண்டெலின் சொனாட்டாக்களை வெளியிட்ட லண்டன் பதிப்பாளர் வால்ஷ், தலைப்புப் பக்கத்தில் ஹார்ப்சிகார்ட் அல்லது பாஸ் வயலின் (செல்லோவின் இனம்) என்றே போட்டிருக்கிறார். செல்லோ மட்டும் பக்கம் வாசித்தாலும் அவை நிறைவாகவே ஒலிக்கும்.

மைக்கை ஹார்ப்சிகார்ட்டின் தந்திகளுக்கு மிக அருகில் வைத்தால் இசையைவிட இறகுமுனையின் கிள்ளலே முன்னே கேட்கும். குழலுக்கு எதிரே வாய் மட்டத்தில் வைத்தால் மூச்சுதான் பதியும். குழலுக்குச் சற்று உயரத்திலும் விலகியும் ஒன்றை வைத்து, குழுவின் மொத்த ஒலியை ஒரு முதன்மை மைக் ஜோடியில் பிடிப்பதே என் விருப்பம். கடைசி ஒத்திசை முடிந்ததும் கையை வெடுக்கென்று எடுத்தால், ஹார்ப்சிகார்ட்டின் உள்ளிருக்கும் மரத்துண்டுகள் தடதடவென்று விழும் ஓசையும் பதிவாகிவிடும். ஒலி முழுதாக அடங்கும் வரை சாவிகளை அழுத்தியபடியே இருந்து, பிறகு விரல்களை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.