பென்ஷன் எடுத்த பிறகு போவோம்: பயணக் கனவில் நாங்கள் விடும் பிழைகள்

அப்பாவின் அலுமாரியில் ஒரு சப்பாத்துப் பெட்டி ஒன்பது வருடம் இருந்தது. கனடாவிலிருந்து மாமா அனுப்பிய, மலை ஏறுவதற்கான சப்பாத்து. "பென்ஷன் எடுத்த பிறகு இதைப் போட்டுக்கொண்டு ஹோட்டன் சமவெளிக்குப் போவேன்" என்று சொல்லி, உள்ளே பத்திரிகைத் தாளைச் சுருட்டிச் செருகி, பெட்டியை மேல் தட்டில் வைத்தார். வருடத்துக்கு ஒரு தடவை எடுத்துத் துடைப்பார். தோல் புதிது போலவே மினுங்கும்.

ஓய்வு பெற்ற அடுத்த ஜனவரியில் போனோம். காலை 6 மணிக்கு டிக்கட் எடுத்து நடக்கத் தொடங்கி அரை மணித்தியாலம் ஆகவில்லை, வலது சப்பாத்தின் அடி முன்பக்கத்தால் பிளந்தது. கொஞ்சத் தூரத்தில் இடதும் பிளந்தது. தோலுக்கும் அடிக்கும் நடுவில் இருந்த மெத்தை போன்ற பகுதி, தேத்தண்ணீரில் ஊறிய பிஸ்கட் மாதிரி உதிர்ந்து விழுந்தது. பூங்காவில் குப்பை கிடக்கக் கூடாது என்று அப்பா குந்தியிருந்து அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி லேஞ்சியில் முடிந்துகொண்டார். உலக முடிவு என்ற செங்குத்தான மலை விளிம்பைப் பார்க்காமலே திரும்பினோம்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. இப்படியான சப்பாத்துகள் பலவற்றின் நடு அடி பொலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. காற்றில் உள்ள ஈரம் அதை உள்ளுக்குள்ளே சிதைக்கும். ஒரு நாள்கூடப் போடாவிட்டாலும் சிதையும். நாங்கள் இருக்கும் கொழும்பு வெள்ளவத்தை மாதிரிக் கடற்கரையில் ஈரத்துக்குக் குறைவா? பத்திரமாக வைத்திருந்தது அதைக் காப்பாற்றவில்லை.

"ஓய்வுக்குப் பிறகு பார்ப்போம்" என்ற பேச்சில் உள்ள முதல் பிழையும் இதுதான். வைத்தது வைத்தபடி இருக்கும் என்று நம்புகிறோம். சப்பாத்து மட்டும் இல்லை. முழங்கால், காசு, கூட வருகிறேன் என்று சொன்னவர்கள், எதுவும் வைத்த இடத்தில் நிற்பதில்லை.

ஓய்வு பெறும் திகதிகூட அப்படித்தான். 55 வயதோடு வேலை முடியும் என்று கணக்குப் போட்டிருந்த தனியார் துறைக்காரர் பலருக்கு, 2021இல் இலங்கையில் வந்த சட்டத்தோடு குறைந்தபட்ச ஓய்வு வயது 60 ஆனது. அரசாங்க வேலையில் 65 என்று அறிவித்தார்கள், பிறகு மறுபடி 60க்குக் கொண்டுவந்தார்கள். சம்பளம் கூடுதலாக ஐந்து வருடம் வருவது குடும்பத்துக்கு நல்லது. ஆனால் அந்தத் திகதியில் தொங்கவிட்ட பயணமும் சேர்ந்து தள்ளிப்போகிறது.

காசு விஷயத்தில் 2022ஐ நாங்கள் எல்லோரும் கண்ணால் பார்த்தோம். மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். காசிக்கும் கேதார்நாத்துக்கும் போகவென்று எங்கள் பக்கத்து வீட்டு அக்கா வங்கியில் நிலையான வைப்பாகப் போட்டிருந்த காசில் ஒரு சதமும் குறையவில்லை. ஆனால் அந்தக் காசுக்கு முன்பு இரண்டு பேர் போய்வந்திருக்கலாம், பிறகு ஒருவருக்கே இழுபறி. சேமிப்பு வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. முதுமைக்கான காசு வேறு, பயணத்துக்கான காசு வேறு. இரண்டையும் ஒரே பானையில் போடுவதுதான் பிழை. ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் போகும் உங்கள் 8 சதவீதமும் முதலாளியின் 12 சதவீதமும் முதுமைக்கு உரியவை, அதில் கண் வைக்க வேண்டாம். பயணத்துக்கு எங்கள் தொடர்மாடியில் பத்துப் பேர் சேர்ந்து மாதம் 5,000 ரூபாய்ச் சீட்டுப் பிடிக்கிறோம். எடுப்பவருக்கு 50,000 வரும். எடுத்த காசை மூன்று மாதத்துக்குள் பயணத்துக்கே செலவழிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் கட்டுப்பாடு. குளிர்சாதனப் பெட்டி வாங்கியவருக்கு அடுத்த சீட்டில் இடமில்லை.

முழங்கால் காத்திருக்காது

அப்பாவின் இரண்டாவது ஆசை சிவனொளிபாதமலை. 2,243 மீற்றர். நல்லதண்ணிப் பக்கத்தால் ஏறினால் 5,000க்கும் மேற்பட்ட படிகள். முப்பது வயதில் நண்பர்களோடு ஒரே இரவில் ஏறி, சூரிய உதயம் பார்த்து, அன்றைக்கே கொழும்புக்கு வந்தவர். அந்த நினைவை நம்பிப் பாதி வழி போனார். ஏறும்போது வாங்கிய மூச்சு ஒவ்வொரு தேத்தண்ணீர்க் கடையிலும் இருந்து எழும்ப ஆறியது. இறங்கும்போதுதான் உண்மை தெரிந்தது. ஒவ்வொரு படிக்கும் பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இறங்கினார். தன்னைவிட மூத்த ஆச்சிமார் வெறுங்காலோடு "கருணாவை" பாடிக்கொண்டு அவரைக் கடந்து போனார்கள். அவர்கள் வருடாவருடம் வருபவர்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ஏறும்போது நெஞ்சுக்கு வேலை. இறங்கும்போது தொடைத் தசை நீண்டபடியே உடம்பின் பாரத்தைத் தாங்க வேண்டும். அந்தப் பழக்கம் தொடைக்கு இல்லாவிட்டால் பாரம் முழங்காலுக்குப் போகும். முப்பது வயதைத் தாண்டிய பிறகு, பயிற்சி இல்லாத தசை மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகும். அலுவலகக் கதிரையில் முப்பது வருடம் இருந்துவிட்டு, அறுபதில் ஒரே நாளில் மலையிடம் போய் நிற்பது உடம்புக்குச் செய்யும் அநியாயம்.

அன்றிலிருந்து நான் லிப்டில் இறங்குவதை விட்டேன். எங்களுடையது ஆறாம் மாடி, 108 படி. காலையில் இறங்கி, மாலையில் ஏறி, சனிக்கிழமைகளில் ஐந்து தடவை ஏறி இறங்கி, நாலு மாதத்துக்குப் பிறகு சிவனொளிபாதத்துக்குப் போனேன். மறுநாள் வேலைக்கும் போனேன், கால் உளைவுதான் இருந்தது. காசு செலவில்லாத பயிற்சி இதைவிட வேறு இல்லை. ஏற்கனவே முழங்கால் வருத்தம் இருந்தால் மட்டும் முதலில் வைத்தியரைக் கேளுங்கள்.

முழுக் கனவையும் ஒரேயடியாக நினைப்பது

இமயமலை என்று சொன்னால் இமயமலைதான் வேண்டும், அதற்கு ஒரு மாதம் லீவு வேண்டும், அது இப்போது கிடைக்காது, ஆகவே இப்போது ஒன்றும் வேண்டாம். இப்படித்தான் பத்து வருடம் ஓடுகிறது.

இந்த விஷயத்தில் கதிர்காமப் பாதயாத்திரைக்காரர்களிடம் படிக்கலாம். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோவிலில் வேல் எடுத்துக் கிழக்குக் கரை வழியே கதிர்காமம் வரைக்கும் நடப்பவர்கள் ஒரு மாதத்துக்கு மேல் நடக்கிறார்கள். எல்லோராலும் அது முடியாது. அதனால் பலர் உகந்தை முருகன் கோவிலில் வந்து சேர்ந்து, திருவிழாவை ஒட்டிக் காட்டுப் பாதை திறக்கும் நாட்களில், குமண, யால காட்டு வழியை மட்டும் நடக்கிறார்கள். முழுவதும் முடியாவிட்டால் முடிந்த துண்டு. அவர்களை யாரும் குறை சொல்வதில்லை.

மலையக நடைபாதையும் அப்படித்தான். பீகோ டிரெயில் கண்டி ஹந்தானையில் தொடங்கித் தேயிலைத் தோட்டங்கள் வழியே நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல் போகிறது, 22 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு ஒரு பகுதி என்று நடக்கலாம். வருடத்தில் 12 அல்லது 13 போயா வருகிறது. அலுவலக ஊழியருக்குச் சட்டப்படி 14 நாள் வருடாந்த லீவும் இருக்கிறது. டிசம்பரில் மிச்ச லீவை எண்ணிப் பார்த்துப் பெருமைப்படுபவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன், மனது கேட்பதில்லை.

இமயமலை ஆசை இருப்பவர்களுக்கு ஒன்று. எங்கள் நாட்டின் மிக உயரமான பிதுருதலாகலை 2,524 மீற்றர். நேபாளத்தின் அன்னபூர்ணா அடிவார முகாம் 4,130 மீற்றர். காற்று மெலிந்த அந்த உயரத்தை இங்கே பழகிக்கொள்ள வழியில்லை. அங்கே போய் மெல்ல ஏறித்தான் பழக வேண்டும். கால்களையும், குளிரில் நித்திரை கொள்வதையும், பையைத் தூக்கி நடப்பதையும் இங்கேயே பழகிவிடலாம். அப்புறம் லீவு கிடைக்கும் வருடத்தில் பாதி வேலை முடிந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருக்கிறதா? கொழும்பு 2018இல் ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற ஊர். பெத்தகான ஈரநிலப் பூங்காவும் தலங்கம ஏரியும் வெள்ளவத்தையிலிருந்து ஓட்டோவில் போகும் தூரம்தான். விடிய 6 மணிக்குப் போங்கள், 8 மணிக்குப் பறவைகளும் நிழல் தேடிவிடும்.

பருவம் சரியில்லை என்பதும் இந்த நாட்டில் முழுக் காரணம் ஆகாது. மே முதல் செப்டம்பர் வரை கொழும்பிலும் மேற்கு மலைநாட்டிலும் தென்மேற்கு மழை பெய்யும்போது திருகோணமலையிலும் அறுகம்பையிலும் கடல் நல்ல நிலையில் இருக்கும். டிசம்பரில் கிழக்கில் மழை, அப்போதுதான் சிவனொளிபாதத்தின் பருவம் தொடங்கி வெசாக் வரைக்கும் போகும். பருவம் இல்லாத காலத்தில் அங்கே விளக்கும் இல்லை, கடையும் இல்லை, காற்றும் பலம். மாதம் பார்க்காமல் டிக்கட் போடுவதும் ஒரு பிழைதான்.

துணைக்காகக் காத்திருப்பது

மகளின் ஏஎல் பரீட்சை முடியட்டும், மகனின் கல்யாணம் முடியட்டும், இவருக்கு லீவு கிடைக்கட்டும். பெண்களின் கனவு இந்த வரிசையில்தான் பின்னுக்குப் போகிறது. நான் மன்னாருக்குப் பறவை பார்க்கப் போகிறேன் என்றபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "தனியாவோ? ஆக்கள் என்ன சொல்லுவினம்?" அலுவலகத்தில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு போனேன். இரண்டாம் தடவை அம்மாவே இடியப்பம் கட்டித் தந்தார். குடும்பமே வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஒருவர் வந்தால் போதும். வீட்டில் படுக்கையில் ஒருவர் இருந்தால் சகோதரங்களிடம் வாய் திறந்து கேளுங்கள். இரண்டு நாள் பார்க்கச் சொல்வது குற்றம் இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கப் பிழையும் இருக்கிறது. யூடியூப் பார்த்துவிட்டு வேலையை விடுவது, கடன் அட்டையில் வெளிநாடு போவது, மழை எச்சரிக்கை இருக்கும்போது மலைநாட்டு ஆற்றில் இறங்குவது. மேலே எங்கோ பெய்த மழை கீழே நிமிடங்களில் வெள்ளமாக வரும். மண்சரிவு எச்சரிக்கை வந்த நாளில் பயணத்தை நிறுத்துங்கள். அடுத்த போயாவுக்குப் போகலாம்.

"இனி எனக்கு என்ன?"

ஓய்வு பெற்றவர்கள் விடும் பிழை இது. அப்பாவும் இரண்டு வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மலை வேண்டாம், தட்டையான இடத்துக்குப் போவோம் என்று நெடுந்தீவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். குறிகட்டுவானில் படகு ஏறினால் ஒரு மணித்தியாலம் அளவில் கடல். தீவு முழுக்கப் பவளக்கல் வேலி, ஒரு பெரிய பெருக்க மரம், ஒல்லாந்தர் காலத்து மிச்சமான குதிரைகள். ஒரு குட்டி தாயின் வயிற்றோடு ஒட்டி நின்று எங்களையே பார்த்தது. அப்பா குடையை மடித்துவிட்டு, வெயிலையும் பாராமல், கடைசிப் படகுக்கு நேரமாகும்வரை அங்கேயே நின்றார். படகில் என்னிடம் மன்னார் எவ்வளவு தூரம் என்று கேட்டார்.

திரும்பி வந்த கிழமையே புறக்கோட்டையில் அவருக்கு ஒரு புதுச் சப்பாத்து வாங்கினோம். பாண் வாங்கக் கடைக்குப் போகும்போதும் அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறார்.