ஓடும் பைக்கில் திடீரென்று கரண்ட் போனால் எங்கே தேடுவது

ஓடிக்கொண்டிருக்கிற வண்டியில் மீட்டர், ஹெட்லைட், எஞ்சின் எல்லாம் ஒரே நொடியில் அணைந்துபோனால் பழி முதலில் விழுவது பேட்டரி மேல்தான். உடனே புதுசு வாங்கிப் போடுவார்கள், வண்டியும் சில நாள் ஒழுங்காக ஓடும், அப்புறம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் மறுபடி அதே கதை. இடையில் ஓடியதற்குக் காரணம் புதுப் பேட்டரி இல்லை, அதை மாட்டும்போது டெர்மினல் ஸ்க்ரூவைக் கழற்றித் திரும்ப இறுக்கினார்களே, அதுதான். சார்ஜ் தீர்ந்து போகிற பேட்டரி பெரும்பாலும் இப்படி டக்கென்று போகாது. விளக்கு மங்கும், ஹாரன் கரகரக்கும், செல்ஃப் முனகும், முன்கூட்டியே சொல்லிக்கொண்டுதான் போகும். 12 வோல்ட் இருந்த இடத்தில் மறு நொடி ஒன்றுமே இல்லை என்றால் கரண்ட் போகிற வழி எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது, நாம் தேட வேண்டியது அந்த இடத்தை.

முதலில் வண்டியை ஓரம் கட்டுங்கள். கரண்ட் போனதும் பிரேக் லைட்டும் இன்டிகேட்டரும் சேர்ந்தே போய்விடும், பின்னால் வருகிறவருக்கு நீங்கள் வேகம் குறைப்பது தெரியாது. கிளட்ச்சைப் பிடித்து, கையை நீட்டி சிக்னல் காட்டி, இருக்கிற வேகத்திலேயே உருட்டிக்கொண்டு ஓரத்துக்கு வந்துவிடுங்கள். பிரேக் எப்போதும் போல் பிடிக்கும், ஆனால் ஏ.பி.எஸ் இருக்காது, அதனால் அழுத்தி மிதிக்காதீர்கள். வண்டி ஓடும்போதே சாவியைத் திருகிப் பார்க்கிற வேலையும் வேண்டாம்.

நிறுத்திய பிறகு உடனே சீட்டைக் கழற்றி வயரை ஆட்டத் தொடங்காதீர்கள். ஆட்டினால் தற்செயலாகக் கரண்ட் வந்துவிடும், எங்கே விட்டுப்போனது என்பது தெரியாமலே போய்விடும். சாவி போட்ட நிலையில் அப்படியே இருந்து எது எரிகிறது, எது எரியவில்லை என்று பாருங்கள். மீட்டர், நியூட்ரல் விளக்கு, ஹாரன், பிரேக் லைட் எதுவுமே இல்லை என்றால் கோளாறு பிரதான லைனில் இருக்கிறது. விளக்கெல்லாம் பளிச்சென்று இருக்கிறது, எஞ்சின் மட்டும் இல்லை என்றால் அது வேறு விஷயம், பின்னால் சொல்கிறேன். நிற்பதற்குக் கொஞ்ச நேரம் முன்பிருந்தே ஹெட்லைட் மங்கியது, மீட்டர் விட்டு விட்டு வந்தது, எஞ்சின் திக்கியது என்றால் சார்ஜ் ஏறவில்லை. குலுங்கும்போது போய்ப் போய் வருகிறது, ஹேண்டிலைத் திருப்பினால் வருகிறது என்றால் அது லூஸ் கனெக்‌ஷன் அல்லது உள்ளுக்குள் அறுந்த வயர்.

இதில் ஹாரன் நல்ல உளவாளி. நியூட்ரல் விளக்கு எரிகிறது, ஹாரனை அழுத்தியதும் அதுவும் சேர்ந்து அணைகிறது, கையை எடுத்தால் மெதுவாகத் திரும்ப வருகிறது என்றால் வழி முழுதாக அறுபடவில்லை, ஏதோ ஒரு இணைப்பில் ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கிறது. சின்ன விளக்குக்குப் போதுமான கரண்ட் அதன் வழியாகப் போகும், ஹாரன் கேட்கிற அளவுக்குப் போகாது.

எல்லாமே செத்துப்போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டியில் நூறு வயர் இருந்தாலும் எல்லாவற்றையும் ஒன்றாகச் சாகடிக்கக்கூடிய இடங்கள் கொஞ்சம்தான். பேட்டரியின் பாசிட்டிவ் டெர்மினல், அங்கிருந்து மெயின் ஃபியூஸ், அங்கிருந்து சாவி சுவிட்ச், பிறகுதான் அது பிரிந்து தனித்தனி ஃபியூஸ்களுக்குப் போகிறது. திரும்பி வருகிற வழியில் ஃபிரேமும் எஞ்சினும், அங்கிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு வருகிற எர்த் வயர். இந்த வரிசையில் பேட்டரியிலிருந்து தொடங்கி நடந்தால் போதும்.

டெர்மினலைக் கண்ணால் பார்த்துவிட்டு ‘நல்லாத்தான் இருக்கு’ என்று விட்டுவிடாதீர்கள், சாவியை ஆஃப் செய்துவிட்டு வயரின் முனையை விரலால் பிடித்துத் திருகிப் பாருங்கள். கொஞ்சம் கூட அசையக்கூடாது. அசைந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்தது. ஸ்க்ரூ இறுகியிருந்தும் வயர் ஆடுகிறது என்றால் மரை தேய்ந்திருக்கும், அல்லது சதுர நட் ஸ்க்ரூவோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நட் கீழே இறங்கிப்போய் ஸ்க்ரூவுக்கு எட்டவில்லை என்றால் அதன் அடியில் ஒரு துண்டு ரப்பர் டியூபைச் செருகினால் மேலே எழும்பி நிற்கும். வெள்ளைப் பொடியோ பச்சைக் களிம்போ இருந்தால் கழற்றி, உப்புத்தாளால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, மாட்டி இறுக்கிய பிறகு மேலே வேஸ்லின் தடவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். மாற்றிச் செய்து ஸ்பேனர் ஃபிரேமில் பட்டால் தீப்பொறி பறக்கும்.

நெகட்டிவ் வயரின் மறுமுனையை யாரும் பார்ப்பதில்லை. அது ஃபிரேமிலோ எஞ்சின் உறையிலோ ஒரு போல்ட்டில் முடியும், சேறும் தண்ணீரும் அடிக்கிற இடம். மேலே பார்க்க ஒழுங்காக இருக்கும், கழற்றிப் பார்த்தால் வளையத்துக்கு அடியில் துரு. வண்டிக்குப் பெயிண்ட் அடித்த பிறகு இந்தக் கோளாறு வந்திருந்தால் முதலில் இந்த போல்ட்டைத்தான் சந்தேகப்படுவேன், பெயிண்ட் மேலேயே வளையத்தை வைத்து முடுக்கியிருப்பார்கள்.

அடுத்து மெயின் ஃபியூஸ். பல வண்டிகளில் இது மற்ற ஃபியூஸ்களோடு இருக்காது, பேட்டரி பக்கத்தில் ஸ்டார்ட்டர் ரிலேயின் (செல்ஃபுக்குக் கரண்ட் விடுகிற சுவிட்ச்) மேல் மூடிக்குள் இருக்கும், உபரி ஒன்றும் அங்கேயே வைத்திருப்பார்கள். தட்டை ஃபியூஸ்களில் நிறத்தைப் பார்த்தே ஆம்பியர் சொல்லலாம்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே கருகிப் புகை படிந்திருந்தால் எங்கேயோ நேரடியாக ஷார்ட் ஆகியிருக்கிறது, புது ஃபியூஸ் போட்டால் அதுவும் போகும். கருகாமல் மெல்லிய இடத்தில் மட்டும் விட்டிருந்தால் லோடு அதிகமாகியிருக்கலாம், அல்லது குலுங்கிக் குலுங்கி அறுந்திருக்கலாம். மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது, சந்தேகம் இருந்தால் மாற்றிப் போட்டுவிடுவதே சுலபம். ஃபியூஸ் நன்றாக இருந்து அது உட்காரும் பிளாஸ்டிக் உருகியிருந்தால் உள்ளே பிடிக்கும் தகடு தளர்ந்து சூடாகியிருக்கிறது, ஹோல்டரையே மாற்ற வேண்டும். சிகரெட் பெட்டித் தாள், செப்புக் கம்பி இதெல்லாம் வேண்டவே வேண்டாம், ஃபியூஸ் எரிய வேண்டிய இடத்தில் வயர் கட்டே எரியும், டேங்குக்கு அடியில்.

பேட்டரியும் ஃபியூஸும் சரி என்றால் சாவி சுவிட்சும் அதிலிருந்து வருகிற வயரும். என் கணக்கில் போய்ப் போய் வருகிற கோளாறுகளில் பெரிய பங்கு இந்த இடத்துக்குத்தான். ஹேண்டிலை ஒவ்வொரு முறை திருப்பும்போதும் அந்த வயர் கட்டு வளைந்து நிமிர்கிறது, வருஷக்கணக்கில் வளைந்தால் மேலுறை அப்படியே இருக்க உள்ளே செம்பு மட்டும் ஒவ்வொரு இழையாக அறும். சாவியை ஆன் செய்து ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் திருப்புங்கள். எந்த இடத்தில் விளக்கு சிமிட்டுகிறதோ அங்கே நிறுத்தி, கழுத்துப் பகுதியில் வயரைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி வளைத்துக்கொண்டே போங்கள். உள்ளே அறுந்த வயரை இழுத்தால் அந்த இடத்தில் ரப்பர் மாதிரி நீளும், நல்ல வயர் நீளாது. அப்புறம் சாவியை ஆன் நிலையிலேயே மிக லேசாக இப்படியும் அப்படியும் அசைத்துப் பாருங்கள், மீட்டர் சிமிட்டினால் சுவிட்சின் உள்ளே தகடு தேய்ந்திருக்கிறது. சாவிக்கொத்து கனமாக இருந்தால் இது சீக்கிரமே வரும். சுவிட்சிலிருந்து வருகிற கப்ளரையும் (வயர்கள் சேர்கிற பிளாஸ்டிக் இணைப்பு) கழற்றிப் பாருங்கள், ஒரு பின் மட்டும் பழுப்பாகி அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உருகியிருந்தால் குற்றவாளி அதுதான்.

பேட்டரியை முழுதாக விடுவித்துவிடவும் முடியாது. அபூர்வமாக அதன் உள்ளே செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலான இணைப்பு விரிசல் விடும். மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கிற கருவி) வைத்தால் 12.5 காட்டும், ஹெட்லைட் போட்டதும் பூஜ்யத்துக்கு விழும், அணைத்தால் மறுபடி 12.5. டெர்மினலைச் சுத்தம் செய்த பிறகும் பேட்டரியின் ஈயக் கம்பத்திலேயே வைத்து அளக்கும்போது இப்படி விழுந்தால் அது பேட்டரிதான், மாற்றுங்கள். தேய்மானத்தில் பலம் குறைந்த பேட்டரி வேறு மாதிரி: சும்மா இருக்கும்போது 12.6க்கு மேல் இருக்க வேண்டியது 12க்குப் பக்கத்தில் இருக்கும், செல்ஃப் அடிக்கும்போது 9க்கும் கீழே போகும்.

மல்டிமீட்டர் இருந்தால் இத்தனை யோசனையும் வேண்டாம். கருப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்துவிட்டு, சாவி ஆன், ஹெட்லைட் ஆன், சிவப்பு முனையை மட்டும் வரிசையாக நகர்த்துங்கள்: பேட்டரி கம்பம், அதில் மாட்டிய வயர் முனை, மெயின் ஃபியூஸுக்கு உள்ளே போகிற பக்கம், வெளியே வருகிற பக்கம், சாவி சுவிட்சுக்குள், வெளியே. எந்த இரண்டு இடத்துக்கு நடுவில் 12 காணாமல் போகிறதோ அங்கேதான் கோளாறு. கடைசிவரை 12 இருந்தும் ஒன்றும் எரியவில்லை என்றால் எர்த் பக்கம். கருப்பு முனையை அப்படியே வைத்துக்கொண்டு சிவப்பை எஞ்சினின் வெறும் உலோகத்தில் வையுங்கள், விளக்கு போட்ட நிலையில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரைக் கவனிக்க வேண்டும், முழுதாக விட்டிருந்தால் 12க்குப் பக்கத்திலேயே காட்டும்.

லோடு போடாமல், அதாவது ஹெட்லைட் மாதிரி எதையும் எரியவிடாமல் அளக்காதீர்கள். ஒரே ஒரு இழை ஒட்டியிருந்தாலும் மீட்டர் 12 என்று காட்டும், வயரில் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கிற அதன் பஸ்ஸரை வைத்துப் பார்த்தால் ‘பீப்’ என்று சந்தோஷமாகக் கத்தும். இதற்கு மீட்டரைவிட ஒரு பழைய இன்டிகேட்டர் பல்பில் இரண்டு வயர் கட்டி வைத்துக்கொள்வது மேல், அது பளிச்சென்று எரிந்தால் நிஜமாகவே கரண்ட் வருகிறது, மங்கினால் வழி சரியில்லை.

சரி, விளக்கெல்லாம் இருந்து எஞ்சின் மட்டும் நின்றால்? ஹேண்டிலில் எஞ்சினை அணைக்க இருக்கிற கில் சுவிட்சை நாலைந்து முறை போட்டு எடுங்கள், கை தெரியாமல் பட்டும் அணைந்திருக்கலாம். சைடு ஸ்டாண்டு சுவிட்ச் அடுத்த சந்தேகம், அதில் சேறு அடைத்தால் அல்லது ஸ்டாண்டின் ஸ்பிரிங் தளர்ந்தால் குலுங்கும்போது ஸ்டாண்டு இறங்கியதாக நினைத்து எஞ்சினை நிறுத்திவிடும். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் சாவி போட்டதும் டேங்கிலிருந்து இரண்டு மூன்று வினாடி ‘ஙூம்’ என்று பம்ப் ஓடுகிற சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பம்பின் ஃபியூஸ், ரிலே, அப்புறம் வண்டி சாய்ந்தால் எஞ்சினை அணைக்கிற சென்சார்.

மங்கி மங்கி நின்ற வண்டிக்கு சார்ஜிங். எஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓட்டி பேட்டரியில் அளந்தால் பெரும்பாலான வண்டிகளில் 13.5க்கும் 14.8க்கும் நடுவில் வர வேண்டும். 13க்குக் கீழேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை, 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் (வோல்ட்டை அளவோடு வைக்கிற பெட்டி) போய்விட்டது, பேட்டரியையும் பல்புகளையும் சேர்த்துக் கெடுக்கும். ஏறவில்லை என்றால் முதலில் எஞ்சினுக்குள் கரண்ட் உண்டாக்குகிற மேக்னட் காயிலிலிருந்து ரெகுலேட்டருக்குப் போகிற கப்ளரைக் கழற்றிப் பாருங்கள், அங்கே உருகியிருப்பது மிகவும் சகஜம். பல வண்டிகளில் மூன்று மஞ்சள் வயர் வரும். கப்ளரைக் கழற்றிய நிலையில் எஞ்சினை ஓட்டி, இரண்டிரண்டாக ஏ.சி வோல்ட்டில் அளந்தால் மூன்று ஜோடியும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும், ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் ஏற வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தாலோ, எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்க்கும்போது ஏதாவது ஒன்று எஞ்சின் உடம்போடு தொடர்பு காட்டினாலோ காயில் போய்விட்டது. சோதிக்கிறேன் என்று எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, வோல்டேஜ் எகிறி எஞ்சினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டரான ஈ.சி.யூவையே காலி செய்துவிடும், அதைச் செய்யவே கூடாது.

கூடுதலாக மாட்டிய ஃபாக் லைட், அலாரம், போன் சார்ஜர் ஏதாவது இருந்தால் தேடலைத் தொடங்கும்போதே எல்லாவற்றையும் துண்டித்துவிடுங்கள். வயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள் மழைக்கும் குலுக்கலுக்கும் தாங்காது, அவற்றைக் கழற்றியதும் கோளாறு தானாகப் போய்விடுவதும் உண்டு. திரும்ப மாட்டும்போது ஒவ்வொன்றுக்கும் பேட்டரி பக்கத்திலேயே தனி ஃபியூஸ் வைத்து மாட்டுங்கள்.

வழியில் நின்றிருக்கிறீர்கள், கையில் ஸ்க்ரூடிரைவர் மட்டும்தான் என்றால் டெர்மினலை இறுக்குங்கள், மெயின் ஃபியூஸை உருவி மாட்டுங்கள், சாவி கப்ளரை அழுத்திவிடுங்கள். கரண்ட் வந்துவிட்டால் கிளம்புவதற்கு முன் ஹெட்லைட்டைப் போட்டு, ஹேண்டிலை இரண்டு கோடிக்கும் திருப்பி, சீட்டின் மேல் இரண்டு குத்து குத்திப் பாருங்கள். அப்போதும் அணையவில்லை என்றால் மெதுவாக, ஓரமாகவே வீடுவரை ஓட்டலாம். அணைந்தால் தள்ளிக்கொண்டோ ஏற்றிக்கொண்டோதான் போக வேண்டும், இருட்டிய பிறகு அந்த வண்டியை ஓட்டாதீர்கள்.