வெல்டிங்கைக் கேமராவால் கண்காணிப்பதா? முதலில் இந்தத் தவறுகளைச் சரிசெய்யுங்கள்

வெல்டிங்கில் எரியும் மின்பொறியின் (ஆர்க்) வெளிச்சத்தில் கேமராவின் படம் வெளுத்துப் போனதும், லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிவிடுவார்கள். ஆர்க் மங்கும்; கூடவே ஜாயின்ட்டும் (இரண்டு உலோகத் துண்டுகள் சேரும் இடம்) இருட்டில் மறையும். எல்லா ஒளியையும் ஒரே அளவில் குறைத்தால் இரண்டின் வெளிச்ச விகிதம் அப்படியேதான் இருக்கும். ஜாயின்ட்டின் மேல் லேசர் கோடு பாய்ச்சி, அந்த அலைநீளத்தை மட்டும் உள்ளே விடுகிற ஃபில்டரைப் போட வேண்டும்.

அலைநீளம் எது என்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். எளிதாகக் கிடைக்கிறதே என்று 808 நானோமீட்டர் லேசரும் 10 நானோமீட்டர் அகல ஃபில்டரும் வாங்குவார்கள். அந்த ஃபில்டர் விடுவது 803 முதல் 813 வரை. உருகும் உலோகத்தைக் காற்றிலிருந்து காக்க ஊதும் ஆர்கான் வாயு பலமாக ஒளிர்கிற இடங்களில் ஒன்று 811.5. ஆர்கானில் நடக்கும் டிக் (TIG) வெல்டிங்கில், தடுக்க நினைத்த வெளிச்சம் முன்வாசல் வழியாகவே வந்துவிடும். 660 பக்கம் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

இன்னொன்று, சூடு. 808 லேசர் டயோடின் அலைநீளம் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.3 நானோமீட்டர் நகரும். 25 டிகிரியில் சோதித்ததை டார்ச் (வெல்டிங் செய்யும் முனை) பக்கத்தில் 50 டிகிரியில் ஓட்டினால் 7 நானோமீட்டருக்கு மேல் விலகல். ஃபில்டர் தாங்குவதோ இருபக்கமும் ஐந்தைந்து. காலையில் பளிச்சென்று இருந்த கோடு மதியம் காணாமல் போனால், சாஃப்ட்வேரைக் குடைவதற்கு முன் டயோடைத் தொட்டுப் பாருங்கள். அதற்குக் குளிர்விப்பு கொடுங்கள், இல்லாவிட்டால் ஃபில்டரை அகலப்படுத்துங்கள்.

ஸ்பாட்டர் (தெறிக்கும் உலோகத் துளிகள்) ஒட்டாமலிருக்க, கேமராவும் லேசரும் சேர்ந்த சென்சாரின் கண்ணாடிக்கு முன்னால் காற்று ஊதுவது சரி. அந்தக் காற்று டார்ச் பக்கம் திரும்பினால், நிமிடத்துக்கு 15 லிட்டர் வரும் காப்பு வாயு கலைந்து, பீடில் (உருகி உறைந்த வெல்டிங் வரியில்) பொடித் துளைகள் விழும். பழி என்னவோ சிலிண்டர் மேல்தான்!

ஜாயின்ட் விலகினால் ரோபோ பிடித்த டார்ச்சின் பாதையைத் திருத்த, சென்சார் டார்ச்சுக்கு 40 மில்லிமீட்டர் முன்னால் பார்க்கிறது. வேகம் நொடிக்கு 10 மில்லிமீட்டர். திருத்தம் 4 நொடி காத்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதிவிடுகிறார்கள். மூலையில் ரோபோ வேகம் 6 ஆகக் குறைந்தால், அந்த 4 நொடியில் டார்ச் போவது 24 மில்லிமீட்டர். திருத்தம் 16 மில்லிமீட்டர் முன்னதாகவே விழுந்துவிடும். நேரத்தை வைத்து ஓட்டாதீர்கள், ஒவ்வொரு திருத்தத்தையும் ரோபோவின் இடத்தோடு சேர்த்துச் சேமியுங்கள். டார்ச் எங்காவது இடித்திருந்தால் சென்சாருக்கும் டார்ச்சுக்குமான அளவுத்திருத்தம் (காலிப்ரேஷன்) மறுபடியும் முதலிலிருந்து.

படத்தைப் பார்த்து வெல்டிங் குறையைக் கண்டுபிடிக்கக் கணினி மாடல் பழக்குகிறவர்கள், ஒரே பீடின் படங்களைப் பிரித்துப் பயிற்சிக்கும் சோதனைக்கும் வைக்கக் கூடாது. அடுத்தடுத்த படங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். மதிப்பெண் பொய்யாக ஏறும். முழு பீடையும் ஒரே பக்கம் வையுங்கள்.

மேலே அழகாகத் தெரிகிற பீடின் அடியில் உலோகம் சேராமலே இருக்கலாம். கேமராவுக்கு அது தெரியாது. புது ஜாயின்ட் வந்தால் சில துண்டுகளை அறுத்து, மெருகேற்றி, அமிலம் தடவிப் பார்த்த பிறகே எச்சரிக்கை வரம்புகளை வையுங்கள்.